யாரும் வராத மணல்

"அங்க யாரும் வரமாட்டாங்கதானுங்களே?"

தொலைபேசியில் செந்தில் கேட்ட முதல் கேள்வி இதுதான். வாடகை என்ன, சாப்பாடு என்ன என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். நானும் தயங்காமல், "ஈ காக்கா வராதுங்க" என்றேன். தை மாதத்திலிருந்து அந்த மணலிலேயே கிடக்கிறவன் என்ற தைரியத்தில் சொன்னேன்.

தங்குமிடத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கணக்கு, ரிஜிஸ்டர், சமையல் சாமான் வாங்கும் முறை எல்லாம் கேட்கிறார்கள். அதையெல்லாம் ஆறு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். எனக்கு இந்தத் தொழில் பிடிபட்டது ஓர் ஆடிப் பதினெட்டு அன்று. அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பிரைவேட் பீச்

1999இல் நான் சேலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தேன். அங்கே அடிக்கடி வந்து தங்கிய ஒருவர் கொல்லிமலை அடிவாரத்தில், புளியஞ்சோலைக்குச் சற்று மேலே, ஓடைக்கரையை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு வாங்கியிருந்தார். தோப்பு முடிகிற இடத்தில் ஓடை வளைந்து போகும். அந்த வளைவில் வெள்ளை மணல் அகலமாகப் படிந்து கிடக்கும். எதிரே காடு, மேலே மலை. அங்கே கூடாரம் போட்டு ஆட்களைத் தங்கவைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. மேனேஜராக என்னை அழைத்தார்.

"நம்ம ஊருக்குக் கடல் வராது, சண்முகம். மணல் இருக்கே, அது போதும். போன்ல கேக்கறவங்ககிட்ட பிரைவேட் பீச்னு சொல்லுங்க" என்றார்.

வசதிகள் குறைவுதான். நான்கு கான்வாஸ் கூடாரங்கள். தோப்புக்குள் ஓர் அடிபம்பு. தென்னங்கீற்று மறைப்புக்குள் இரண்டு கழிப்பிடங்கள். விறகு அடுப்புள்ள சமையல் கொட்டகை. ராத்திரிக்குப் பெட்ரோமாக்ஸ். மடக்கு நாற்காலிகள். கரண்ட் கிடையாது. போன் வேண்டுமென்றால் மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போக வேண்டும். முன்பதிவெல்லாம் அங்கே உட்கார்ந்துதான் வாங்குவேன்.

மணலில் கூடார முளை நிற்காது. ஆடிக்காற்று தொடங்கிய முதல் வாரமே ஒரு கூடாரம் பிய்த்துக்கொண்டு ஓடையில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு யூரியாச் சாக்கில் மணலை நிரப்பி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டினோம். அது அசையவில்லை. இதில் எனக்குத் துணை சமையல்காரர் வெள்ளையன். மேலே மலையில் சொந்தக் காடு வைத்து மிளகும் மரவள்ளியும் போடுகிறவர். ஊருக்குப் போய்த் திரும்பும்போது சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தாரும் பலாப்பழமும் வாங்கி வருவார்.

அவர் என்னிடம் கேட்ட ஒரே விடுப்பு ஆடிப் பதினெட்டுக்குத்தான். மலைக்கோயிலில் அன்று திருவிழா.

"ஆளுங்க வர்றாங்க வெள்ளையா. இந்த ஒரு வருசம் பொறுத்துக்கங்க."

"மேனேஜருங்க சொன்னா சரிங்க. சாமிதான் கோவிச்சுக்கும். உங்க பேரைச் சொல்லீர்றேன்" என்றார்.

பதினேழாம் நாள்

செந்தில் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு பதினேழாம் தேதி பிற்பகல் வந்தார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். முப்பது வயது இருக்கும். அம்மா பெயர் சரஸ்வதி. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. வந்ததும் கூடாரத்தை உள்ளே போய்ப் பார்க்கவில்லை. ஒரு நாற்காலியை எடுத்துத் தண்ணீர் ஓரத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

செந்தில் என்னைத் தென்னைமரத்துப் பக்கம் கூப்பிட்டார்.

"அப்பா போன கார்த்திகையில தவறிட்டாருங்க. எங்க ஊடு மோகனூர்ல, காவேரிக்குப் போற வீதியில. பதினெட்டுக்கு ஊரே எங்க வாசல் வழியாத்தான் ஆத்துக்குப் போகும். போன வருசம் வரைக்கும் அந்த வீதிப் பொம்பளைகளுக்கு எல்லாம் அம்மாதான் கயிறு கட்டிவிடுவாங்க. இந்த வருசம் அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாமுன்னுதான் இங்க கூட்டியாந்தேன். பதினெட்டுங்கற பேச்சே அவங்க காதுல விழக்கூடாதுங்க."

"விழாதுங்க" என்றேன்.

அன்று இரவு வெள்ளையனிடமும் சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டினார். காலையில் குளித்துவிட்டு வந்து மலையைப் பார்த்துச் சத்தமில்லாமல் கும்பிட்டுக்கொண்டார்.

டிராக்டர்

மறுநாள் காலை டிபன் முடிந்ததும் செந்தில் பட்டறைக்குப் போன் பேச மெயின் ரோட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் தோப்பு ஓரத்து வண்டிப்பாதையில் டிராக்டர் சத்தம் கேட்டது. டிரெய்லர் நிறையப் பெண்கள், தலை நிறையப் பூ. நடுவில் பட்டுச்சேலை கட்டிய புதுப்பெண், பக்கத்தில் புதுமாப்பிள்ளை.

நான் ஓடினேன். முதலில் இறங்கியவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு பெரிய உடம்புக்காரம்மா. கையில் தாம்பாளம். அதில் மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, காப்பரிசி.

"ஏனுங்க தம்பி, இதென்ன புதுசாக் கொட்டாய்?"

"கேம்ப்ங்க."

"கேம்ப்பா? கண்ணு ஆப்பரேசனுக்கா?"

பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அத்தை, மொதல்ல உங்க கண்ணைக் காட்டுங்க" என்றாள்.

வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற இடம் என்று விளக்கினேன். "இன்னைக்கு ஒரு நாள் வேற எடத்துல வச்சுக்க முடியுங்களா?" என்று கேட்டும் விட்டேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க மாமியா காலத்துலருந்து பதினெட்டுக்கு இந்த மணலுக்குத்தான் வாறோம். இந்தத் தண்ணிதான் எங்க காட்டுக்குப் பாயுது. எங்களுக்கு இதுதான் காவேரி. எம்பட அண்ணம்புள்ளைக்கு இது மொத ஆடி. நீங்க எப்பங்க வந்தீங்க?"

"தை மாசமுங்க."

"அதான்" என்றார். அந்த ஒரு சொல்லில் என் அனுபவம் முடிந்துவிட்டது.

"பிரைவேட்" என்ற சொல் வாய்வரை வந்தது. தோப்புதான் முதலாளியுடையது. மணல் சர்க்கார் புறம்போக்கு. அது எனக்குத் தெரியும். ஒதுங்கி நின்றேன்.

வெள்ளையனிடம் போய், "இது ஒங்களுக்குத் தெரியாதா?" என்று பல்லைக் கடித்தேன்.

"பதினெட்டு அன்னிக்கு எந்த வருசமுங்க நான் மலைக்குக் கீழ இருந்திருக்கேன்?" என்றார்.

பெண்கள் மணலில் இடம் பார்த்து, மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்து, விளக்கேற்றத் தொடங்கினார்கள். காற்றுக்கு விளக்கு நிற்கவில்லை. வெள்ளையன் என்னைக் கேட்காமலே சமையல் கொட்டகையின் தகரத் தடுப்பைக் கொண்டுபோய் வைத்துக் கொடுத்தார். அப்போதுதான் அந்தப் பெரியம்மா தண்ணீர் ஓரம் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. என்னிடம் வந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அங்க உக்காந்திருக்கற அம்மா... புதுப்பொண்ணுக்குத் தாலிக்கயிறு மாத்தறோம். ஒரு அரை மணி நேரம் அந்தக் கொட்டாய்க்குள்ள இருக்கச் சொல்லுங்க."

லாட்ஜில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சங்கடமான செய்திகளைச் சொல்லியிருக்கிறேன். அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன். போலீஸ் வந்திருக்கிறது என்று கதவைத் தட்டியிருக்கிறேன். அந்த மணலில் இருபது அடி நடப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இன்னொரு நாற்காலி

சரஸ்வதி அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உள்ள போகச் சொல்லறாங்களா?" என்று அவரே கேட்டார்.

"இல்லீங்கம்மா... அது..."

"பரவால்லீங்க. எனக்குத் தெரியாததா? நானே எத்தனை பேரை உள்ள இருக்கச் சொல்லியிருக்கேன்." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எம்பட பையன், அம்மா இதைப் பாத்தா அழுதுருவான்னு நெனைச்சுக்கிட்டுக் கூட்டியாந்துட்டான். பாக்கறதுல என்னங்க கஷ்டம்? கண்ணுக்கு நல்லாத்தான் இருக்குது. சித்தெ உள்ள போயிருன்னு பதமாச் சொல்லுவாங்க பாருங்க, அதுக்குத்தான் நான் பயந்தது. அது இங்கயும் வந்துருச்சு."

இப்போது அவர் எழுந்து கூடாரத்துக்குள் போய்விடுவார், அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லும் தகுதி எனக்கு இருக்காது என்று நினைத்தேன்.

"அங்க நிக்கறது யாருங்க?" என்றார்.

டிராக்டரின் பெரிய சக்கரத்தை ஒட்டி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். அவரும் வெள்ளைச் சேலை. நான் அதுவரை கவனிக்கவில்லை. டிராக்டர் ஓட்டி வந்த பையனிடம் போய்க் கேட்டு வந்தேன். பாவாயி என்று பெயர். புதுப்பெண்ணின் அம்மா. அவனுக்கும் அம்மா. அப்பா இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன.

"பெத்தவ அங்க நிக்கறாளா? பொண்ணுக்கு மொத ஆடிக்கு?"

"ஆமாங்கம்மா."

சரஸ்வதி அம்மா எழுந்தார். தன் நாற்காலியை மடக்கி என் கையில் கொடுத்தார். "இன்னொரு நாற்காலி இருந்தா எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கூடாரங்களைத் தாண்டி டிராக்டரை நோக்கி நடந்தார்.

டிராக்டர் நிழலில் இரண்டு நாற்காலிகளையும் போட்டேன். பாவாயி உட்காரமாட்டேன் என்றார். "நான் நின்னுக்குவேனுங்க. எனக்குப் பழக்கம்."

"எனக்குப் பழக்கமில்லீங்க. நீங்க உக்காந்தாத்தான் நான் உக்காருவேன்" என்றார் சரஸ்வதி அம்மா.

உட்கார்ந்தார்கள். அங்கிருந்து மணல் நன்றாகத் தெரியும். பெரியம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பாவாயி நிற்கிற இடத்தில் இன்னொருவர் இருப்பதை என்ன சொல்லித் தடுப்பது? திரும்பிக்கொண்டார். இதை நான் பெரிய வெற்றி என்று எழுதமாட்டேன். மணலில் யார் எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு அப்படியேதான் இருந்தது.

இரண்டு பேரும் துக்கம் பேசுவார்கள் என்று நினைத்தேன். காப்பி கொண்டுபோனபோது மஞ்சள் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் புதுமாப்பிள்ளையைப் பற்றி.

"பாருங்க, தண்ணியில கால் வைக்கவே பயப்படறாரு" என்றார் பாவாயி.

"என்ன வேலைங்க?"

"போர் போடற வண்டியில."

சரஸ்வதி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்துச் செந்தில் திரும்பி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். கூடாரத்துக்குள் தலையை விட்டு அம்மாவைத் தேடினார். என்னிடம் வந்து கத்தினார்.

"ஈ காக்கா வராதுன்னீங்களே! அம்மா எங்கங்க?"

நான் டிராக்டரைக் காட்டினேன். அவர் ஓடிப்போய், "கெளம்பலாம்மா, சாமான எடுத்து வைக்கறேன்" என்றார்.

"எதுக்குடா? இந்த டிரெய்லர் பின்கதவுக் கொண்டி ஆடிக்கிட்டு இருக்குது. பொம்பளைக ஏறி எறங்கற வண்டி. உன்ற தொழில்தானே, என்னன்னு பாரு" என்றார் அம்மா.

செந்தில் ஒன்றும் புரியாமல் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டிராக்டர்ப் பையனிடம் ஸ்பேனர் கேட்டார்.

கயிறு மாற்றி முடிந்ததும் புதுப்பெண் ஈரச் சேலையோடு அம்மாவிடம் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நிமிர்ந்தவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் தயங்கினாள். சரஸ்வதி அம்மா கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வேண்டாம் கண்ணு. நீ நல்லா இரு."

"வாயில சொல்லறதைக் கையில சொன்னா என்னங்க? அவ தலையை நீட்டிக்கிட்டு நிக்கறா பாருங்க" என்றார் பாவாயி.

சரஸ்வதி அம்மா கையை நீட்டினார். பெரியம்மா தூரத்திலிருந்து, "அங்க என்ன பண்றீங்க? சோறு ஆறுது, எல்லாரும் வாங்க" என்று கூப்பிட்டார். எல்லாரும் என்றுதான் சொன்னார். புளிச்சோறும் தயிர்ச்சோறும் எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து வந்தன. வெள்ளையன் பலாப்பழத்தை அறுத்தார்.

மறு ஆண்டு

அடுத்த ஆனி மாதம் பூத்தில் இருந்தபோது செந்தில் பேசினார். அதே தேதிக்கு அதே கூடாரம் வேண்டும் என்றார்.

"அன்னிக்குக் கூட்டம் வருமுங்களே" என்றேன்.

"தெரியுமுங்க. அந்த அம்மா வருவாங்களான்னு கேக்கச் சொன்னாங்க."

பாவாயியின் காட்டுக்கு நடந்துபோய்க் கேட்டேன். களை வெட்டிக்கொண்டிருந்தார். பெண் இப்போது மாசமாக இருப்பதால் ஓடைக்கு வரமாட்டாள், மற்றவர்கள்தான் போவார்கள் என்றார். "எனக்கு அங்க என்னங்க சாமி வேலை?" என்று குனிந்து இரண்டு செடி தாண்டினார். பிறகு நிமிர்ந்து, "அந்த அம்மா வாராங்களா? அப்ப வாரேன்" என்றார்.

யாரும் வராத இடம் என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. ஓர் இடத்தில் நாம் ஆட்களைப் பார்க்கவில்லை என்றால், அவர்கள் வரும் நாளில் நாம் அங்கே இருந்ததில்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள். ஒதுக்குப்புறமாக வேண்டும் என்று கேட்டு வருகிறவரிடம், எதிலிருந்து ஒதுங்க நினைக்கிறார் என்று பதமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பல சமயம் அவரை அழைத்து வருகிறவருக்கே அது தெரிந்திருக்காது. இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்.

அந்த ஆண்டு வெள்ளையனுக்கு விடுப்புக் கொடுத்து மலைக்கு அனுப்பினேன். சமையலை நானே பார்த்துக்கொண்டேன். பதினெட்டாம் தேதி காலை, டிராக்டர் வருவதற்கு முன்பே, இரண்டு நாற்காலிகளைக் கொண்டுபோய்த் தண்ணீர் ஓரத்தில் போட்டேன். காற்றுக்கு விழாமல் கால்களை மணலில் நன்றாக அழுத்தி வைத்தேன்.

பெரியம்மா வந்து இறங்கினார். நாற்காலிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தாம்பாளத்தை அதற்குப் பக்கத்திலேயே இறக்கி வைத்தார்.

நாற்காலிகளை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.