சகலையின் குதிகால்

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம், கார்கள் நிற்கும் இடத்தில் நெட் கட்டி ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் போன பந்தை அடிக்க அவர் வலது காலை ஊன்றி எம்பினார். 'டப்' என்று ஒரு சத்தம், சைக்கிள் டியூப் வெடித்த மாதிரி. குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து ஓங்கி உதைத்தது போல இருந்தது. விழுந்த வேகத்திலேயே திரும்பிக் கத்தினார்.

"எதுக்குய்யா உதைச்ச?"

பின்னால் நின்றது அவருடைய சகலை, மனைவியின் தங்கையைக் கட்டியவர். பத்தடி தள்ளி, வாயில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார்.

"நானா? நான் தண்ணி குடிச்சிட்டிருக்கேன் சகல!"

"அப்போ பேயா வந்து உதைச்சுது?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்தினார். பாதம் அசையவில்லை. குதிகால் தசைநாண் அறுந்திருக்கிறது, கெண்டைச்சதையைக் குதிகாலோடு கட்டி வைத்திருக்கும் கயிறு அதுதான் என்று விளக்கினார்.

"உங்களை யாரும் உதைக்கல. அறுந்தா அப்படித்தான் இருக்கும். இந்த அடிபட்டு வர்றவங்கள்ல பாதிப் பேர் பக்கத்துல நின்னவனைத் திட்டிட்டுத்தான் வர்றாங்க."

வெளியே வந்ததும் அவர் மனைவியிடம் சொன்னார்: "அந்த டாக்டருக்குச் சகலைன்னு ஒருத்தன் இல்ல போலிருக்கு."

அவர் முடிவெட்டுகிறவர். நான்கு நாற்காலி உள்ள சலூனில், ஜன்னலோரத்து முதல் நாற்காலி அவருடையது. கடையில் அவருக்குப் பெயரே 'முதல் சேர்' தான். "முதல் சேர் இருக்காரா?" என்று போனில் கேட்டுவிட்டு வருகிற ஆட்கள் உண்டு. மற்ற மூன்று நாற்காலியும் காலியாக இருந்தாலும், அவருக்காகப் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படிப்பார்கள். அவர் அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெதுவாக வெட்டுவார். அந்தப் பெருமை ஒன்றுதான் அவருக்கு இருந்த கெட்ட பழக்கம்.

அந்த வேலைக்குக் கையைப் போலவே காலும் வேண்டும். நாற்காலியை உயர்த்தக் காலால் பம்ப் அடிக்க வேண்டும். உயரமான ஆளின் உச்சந்தலையைப் பார்க்க நுனிக்காலில் எம்ப வேண்டும். சாயங்காலம் வரை நிற்க வேண்டும்.

டாக்டர் கத்தி வைக்கவில்லை. முழங்கால் வரைக்கும் ஒரு பெரிய பூட்ஸ் மாட்டினார். அதற்குள் குதிகாலுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ரப்பர் ஆப்புகள். குதிகால் தூக்கி இருந்தால் அறுந்த இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒட்டும். ஒட்ட ஒட்ட ஒவ்வொரு ஆப்பாக எடுப்பார்கள். எப்போது எடுப்பது என்பதைப் பிசியோதெரபி மேடம்தான் சொல்வார்.

"அதுவரைக்கும் உங்க சேர்ல யாரு?" என்றாள் மனைவி. பதிலையும் அவளே வைத்திருந்தாள். "தங்கச்சி வீட்டுக்காரர் சும்மாதானே இருக்காரு. அவர் வேலை பார்த்த ஹோட்டலை இடிச்சுக் கட்டப் போறாங்களாம். பெரிய ஹோட்டல் சலூன்ல நின்ன கை."

'பெரிய ஹோட்டல்' என்று அவள் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணமும் கிடைக்கவில்லை.

முதல் வாரம் வீட்டில் கிடந்தார். அடுத்த வாரம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் சலூனுக்கே போய்விட்டார். முதலாளியம்மா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"வீட்ல பொழுது போகலம்மா."

"இங்க மட்டும் சினிமாவா ஓட்டுறோம்?"

அவருக்கு ஓடியது. பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸ் காலை ஸ்டூலில் நீட்டி, எதிர்க் கண்ணாடியில் நாள் முழுக்கப் பார்த்தார். அவருடைய ஆட்கள், அவருடைய நாற்காலியில், வேறொருவன் கையில் தலையைக் கொடுத்துக் கண்மூடிக் கிடந்தார்கள். சகலை பேசிச் சிரிக்கவைத்தார். வெட்டி முடித்ததும் கழுத்துக்கு வெந்நீர்த் துண்டு வைத்தார், ஹோட்டல் பழக்கம். ஒருவர் சுகமாக "ஆஹா" என்றார். இத்தனை வருஷத்தில் தன்னிடம் ஒருத்தனாவது ஆஹா சொன்னானா என்று அவர் யோசித்துப் பார்த்தார்.

வழக்கமாக அவரிடமே வெட்டிக்கொள்ளும் வங்கி மேனேஜர் வந்த நாளில் சகலையே பெஞ்சுக்கு வந்து குனிந்து கேட்டார்.

"சகல, இவருக்கு உச்சியில ரெட்டைச் சுழி இருக்கே. நீங்க எப்படிச் சமாளிப்பீங்க?"

ரெட்டைச் சுழியில் முடியை நீளமாக விட்டுப் படியவைக்க வேண்டும். குட்டையாக வெட்டினால் பிரஷ் மாதிரி நட்டுக்கொள்ளும். சலூனில் நிற்கிற எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், தெரியாதவன்தான் கேட்கிறான். அவர் முகத்தை அசைக்காமல் சொன்னார்: "நல்லா ஒட்ட எடுத்துடு."

எடுத்தார். நட்டுக்கொண்டது. மேனேஜர் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார். முதல் சேர் பெஞ்சில் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்.

"அட," என்றார் மேனேஜர். "வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே! இதை ஏன் இத்தனை நாள் யாரும் எனக்குச் செய்யல?"

சகலை பெஞ்சைக் கை காட்டினார். "ஐடியா சகலையோடது சார்."

பெருமையைக்கூட அவருக்கே கொடுத்துவிட்டான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தால் திட்டியாவது ஆறலாம்.

அன்றிலிருந்து அவர் கண்ணில் குதிகால்களாகப் பட ஆரம்பித்தன. பஸ் பிடிக்க ஓடுகிறவர்களின் குதிகால், மேல் அலமாரியில் டப்பா எடுக்கும் மனைவியின் குதிகால், தெருமுனையில் எம்பி எம்பிப் போஸ்டர் ஒட்டுகிறவனின் குதிகால். உலகத்தில் எல்லாருக்கும் இரண்டு இருந்தன. எல்லாவற்றையும்விடச் சகலையின் வலது குதிகால். உயரமான ஆட்களின் உச்சியைச் சரிபார்க்க அது பாட்டுக்கு மேலே போகும், இறங்கும், தன் பெருமை தனக்கே தெரியாமல். அந்தக் குதிகாலை அவர் வெறுத்தார்.

ஒரு நாள் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பூட்ஸைத் திறந்து இரண்டு ஆப்புகளை உருவினார். சீக்கிரம் எடுத்தால் சீக்கிரம் நடக்கலாம், சீக்கிரம் நடந்தால் சீக்கிரம் நாற்காலி. கணக்கு அவ்வளவுதான். கால் தட்டையாகப் பதிந்தது. கொஞ்சம் இழுத்தது. இழுத்தால்தானே வளரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். மேடத்தைப் பார்க்கப் போகும்போது மட்டும் உருவிய ஆப்புகளைத் திரும்பச் செருகிக்கொண்டார்.

ஆப்பு பொய் சொன்னது, கால் சொல்லவில்லை. மேடம் அவரைக் குப்புறப் படுக்கவைத்து இரண்டு முழங்காலையும் மடக்கினார். நல்ல கால் நுனி மேல்நோக்கி நின்றது. அடிபட்ட பாதம் துவண்டு கீழே தொங்கியது.

"எத்தனை எடுத்தீங்க?"

"என்னது?"

"உங்க கால் என்கிட்ட சொல்லிடுச்சு. நீங்களும் சொல்லிடுங்க."

அவர் சொன்னார். மேடம் கத்தவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

"பழைய ஜட்டி எலாஸ்டிக் பார்த்திருக்கீங்களா? அறுந்திருக்காது. ஆனா இடுப்புல நிக்காது. உங்க தசைநாண் அப்படித்தான் ஒட்டிட்டு வருது, நீளமா. இப்படியே போனா நடப்பீங்க. நுனிக்கால்ல எம்ப மாட்டீங்க. உங்க வேலைக்கு எம்பணும் இல்ல?"

உருவிய ஆப்புகள் எல்லாம் திரும்ப உள்ளே போயின. வைத்தியம் பின்னோக்கி நகர்ந்தது. சகலைக்கு இன்னும் சில வாரங்கள் முதல் நாற்காலியில் கிடைத்தன. கொடுத்தவர் அவரேதான்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "டாக்டர் வச்ச ஆப்பை எடுத்துட்டு உங்களுக்கு நீங்களே வச்சுக்கிட்டீங்களே!"

"சிரிக்காதடி."

"சிரிக்கலைங்க. சரி, கொஞ்சம் சிரிக்கிறேன்."

பூட்ஸ் கழன்ற பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. கெண்டைக்கால் வற்றிப்போய் வேறு யாரோ ஒருவருடையது போல இருந்தது. முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, முழங்கால் மேல் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினார். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும். அப்புறம் இரண்டு காலில் ஏறி ஒற்றைக் காலில் இறங்குவது. வியர்த்துக் கொட்டும். காகிதம் செருகுகிற அளவு எழும், உடனே நடுங்கி இறங்கும். மேடம் சொன்னதற்கு மேல் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. குறைக்கவும் இல்லை. அவசரப்பட்டவனுக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் பார்த்தாயிற்றே.

கடைசியாக ஒரு நாள் ஒற்றைக் காலில் எழுந்தார். நல்ல காலின் உயரத்தில் பாதிதான் வந்தது.

"இன்னும் ஒரு வருஷம் விடாம செஞ்சா கொஞ்சம் ஏறும்," என்றார் மேடம். "முழுசா வருமான்னு சொல்ல முடியாது. வேலைக்குப் போகலாம். ஆனா அரை நாள்தான்."

சலூனில் முதலாளியம்மா அவரைக் கல்லா பக்கம் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எதிர்ல புதுசா ஏசி சலூன் திறக்கிறாங்க, பார்த்தியா? உன் சகலையைக் கூப்பிடுறாங்க. என்ன பண்ணட்டும்னு என்கிட்ட கேட்டான். நான் உன்னைக் கேக்குறேன். சேர் உன்னோடது. போகட்டுமா, இருக்கட்டுமா?"

அவர் திரும்பிப் பார்த்தார். சகலை அதற்குள் தன் கத்தரி, சீப்பு, ரேசர் எல்லாவற்றையும் முதல் நாற்காலியிலிருந்து எடுத்து ஒரு துண்டில் சுருட்டி வைத்திருந்தார். நாற்காலி துடைக்கப்பட்டுக் காலியாக, ஜன்னல் வெளிச்சத்தில் இருந்தது. இத்தனை மாதமும் அவர் கேட்டது இதைத்தான். போகச் சொல்ல ஒரு வார்த்தை போதும்.

ஜன்னல் வழியே எதிர்க் கடை தெரிந்தது. பெரிய கண்ணாடிக் கதவு. அதற்குள் சகலை நிற்பார். மதியத்துக்கு மேல் இங்கே முதல் நாற்காலி காலியாகக் கிடக்கும். அவருடைய ஆட்கள் சாலையைக் கடப்பார்கள். வெந்நீர்த் துண்டும் ஆஹாவும் அங்கே போய்விடும். ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அங்கே நடப்பது அவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது.

"இருக்கட்டும்மா," என்றார். "காலையில நான் நிக்கிறேன், பக்கத்துச் சேர்ல அவன் நிக்கட்டும். மத்தியானத்துக்கு மேல முதல் சேரையும் அவனே பார்த்துக்கட்டும். இங்கேயே இருந்தா என் கண்ணு முன்னாடி இருப்பான்."

முதலாளியம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். "நல்ல மனசுய்யா உனக்கு."

"மனசு இல்லம்மா. வயித்தெரிச்சல்."

முதலாளியம்மா வாய்விட்டுச் சிரித்தார். விஷயம் தெரிந்ததும் சகலை வேகமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருந்தது. "நான் மறக்க மாட்டேன் சகல. வீட்ல சொன்னா எவ்வளவு சந்தோஷப்படுவா தெரியுமா?"

"சரி சரி, போய் இடத்துல நில்லு."

இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளுக்குப் பின்னால் நின்று துணியை உதறினார்கள். கதவு திறந்தது. புது ஆள், யாருக்கும் தெரியாதவர்.

"வாங்க சார்!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். முதல் சேரின் குரல் கொஞ்சம் பெரிதாக இருந்தது.