ஏழாம் நாள் தண்ணீரும் சீனத்துச் சட்டமும்

ஹாங்காங் வந்த மூன்றாம் மாதம், பல்கலைக்கழக நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து ஊர்க் கடிதம் படித்துக்கொண்டிருந்தேன். என்ன சேதி என்று கேட்டாள் என்னோடு ஆய்வு செய்யும் மெய் லிங். எங்கள் குடும்ப வழக்கு பதினோரு வருடமாகக் கோர்ட்டில் இருக்கிறது, அடுத்த வாய்தாவுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று, ஊரில் மழை பெய்ததாம் என்கிற தொனியில் சொன்னேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, வீட்டில் யார் சிறையில் இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். யாருமில்லை, அது கிணற்று வழக்கு என்றேன். அவள் நம்பவில்லை. மறுநாள், நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோவதுபோல ஆரஞ்சுப் பழங்களோடு வந்து நின்றாள்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. அப்பாவை நைனா என்போம். நைனாவுக்கும் அவருடைய அண்ணனான என் பெரியப்பாவுக்கும் பொதுவில் ஒரு கிணறு. ஆளுக்கு மூன்று நாள் தண்ணீர் என்பதில் தகராறே இல்லை. ஏழாவது நாளான வெள்ளிக்கிழமை யாருக்கு என்பதுதான் வழக்கு. வாய்தா தோறும் வாதியும் பிரதிவாதியும் ஒரே பஸ்ஸில் திருவண்ணாமலைக்குப் போவார்கள். முன்சீப் கோர்ட்டில் ஒருவர்மேல் ஒருவர் புழுதி வாரி இறைத்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஒன்றாக டீ குடித்து, அதே பஸ்ஸில் திரும்புவார்கள். ஆனால் ஒருவர் வாசற்படியை மற்றவர் மிதித்துப் பதினோரு வருடம். இந்த வழக்கை ஜெயிக்கத்தான் நைனா என்னை பி.எல். படிக்க வைத்தார்.

மெய் லிங் ஏன் பயந்தாள் என்று தோண்டப்போய், நான் படிக்க வந்த சீனச் சட்ட வரலாறே அங்கேதான் திறந்தது. பழைய சீனத்தில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சிக்கு 'லி' பெரிது. யார் முன்னால் யார் எழுந்திருப்பது, யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்று மனிதனை உள்ளிருந்து ஒழுங்குபடுத்தும் முறைமை அது. தண்டனையால் மட்டும் ஆண்டால் ஜனங்கள் தப்பிக்கக் கற்பார்கள், வெட்கப்படக் கற்கமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். மற்ற கட்சிக்கு 'ஃபா', அதாவது சட்டம். எழுதி எல்லோரும் பார்க்க வை, பிரபுவுக்கும் குடியானவனுக்கும் ஒரே அளவுகோல் வை என்றார்கள். பேரரசர்கள் கெட்டிக்காரர்கள், ஃபாவின் பிரம்பை லியின் பட்டுத்துணியில் சுற்றிவைத்துக்கொண்டார்கள். எழுதிய சட்டம் பெரும்பாலும் தண்டனையாகவே வளர்ந்தது. நிலம், தண்ணீர் போன்ற சச்சரவுகளைக் குலத்தாரே பேசித் தீர்க்கட்டும் என்று விட்டார்கள். கோர்ட்டு என்றால் பிரம்படி என்ற நினைப்பு எத்தனையோ தலைமுறை தாண்டி மெய் லிங்கின் ஆரஞ்சுக் கூடை வரைக்கும் வந்திருக்கிறது. இதோ, கண்ணெதிரே, எழுபதுகளின் கடைசியிலிருந்து, எல்லைக்கு அந்தப்பக்கம் சீனப் பெருநிலத்தில், மூடிக்கிடந்த சட்டக் கல்லூரிகளை மறுபடி திறந்து, புதிய சட்டங்களை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என்ன காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று துள்ளினேன்.

தவறு செய்தவர் இரண்டு கையாலும் தேநீர் ஊற்றிக் கொடுத்தால் சச்சரவு முடிந்தது என்பது இங்கே வழக்கம் என்றாள் மெய் லிங். போதாதா எனக்கு? தை மாதம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனதும், வாய்தாவன்று டீக்கடையில் நைனாவை வற்புறுத்திப் பெரியப்பாவுக்கு டம்ளரை நீட்ட வைத்தேன். பெரியப்பா குடித்துவிட்டு, "சக்கர கம்மி," என்றார். அவ்வளவுதான். பதினோரு வருடமாகச் சேர்ந்து குடிக்கிற டீ எதைத் தீர்க்கும்?

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. நான் தேநீரைக் கொண்டுவந்தேனே தவிர லியைக் கொண்டுவரவில்லை. அது ஊருக்கு ஊர் வேறு. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முதல் வெற்றிலை பாக்கு மூத்தவர் வீட்டில் வைக்க வேண்டும். நைனாவோ பத்திரிகையைத் தபாலில் அனுப்புவதாக இருந்தார். வீட்டுக்கு வந்ததும், நேரில் போய் வையுங்கள் என்றேன்.

"நான் போய் வெத்தல வெச்சா கேஸ்ல தோத்துட்டேன்னு ஊரே சிரிக்கும்டா."

"அங்க போறது வாதி இல்ல நைனா. தம்பி."

நைனா எழுந்து தட்டில் வெற்றிலை பாக்கை எடுத்து வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார்.

தட்டைக் கண்டதும் பெரியப்பா எழுந்து நின்றார். துண்டால் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கினார்.

"வெள்ளிக்கெழம நீயே எறச்சிக்கடா. எனக்குக் காலு நோவுது, கோர்ட்டுப் படி ஏற முடியல."

"வேணாம், நீயே வெச்சிக்க. எனக்கு இருக்கறதே ஜாஸ்தி."

"பெரியவன் சொல்றேன், எடுத்துக்கடா."

கொடுப்பதில் அடுத்த வழக்கு தொடங்கும்போல இருந்தது. ஒரு வெள்ளி அவருக்கு, மறு வெள்ளி இவருக்கு என்று நான் குறுக்கே விழுந்து தீர்ப்புச் சொன்னேன். படித்த படிப்பில் நான் ஜெயித்த முதல் வழக்கு. இரண்டு கட்சியும் ஜெயித்த வழக்கு.

லியால் முடிந்ததை ஃபாவில் பதிய வேண்டுமே. ராஜிப் பத்திரம் எழுதினோம். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்ட குமாஸ்தா, "ஊரு என்னனு போடட்டுங்க?" என்றார். அடி அண்ணாமலை என்றேன். "இப்ப இருக்கறதுங்க?" ஹாங்காங் என்றேன். அவர் பேனா ஒரு கணம் தயங்கியது. அந்தக் கட்டத்தில் ஓர் ஊருக்குத்தான் இடமிருந்தது. இரண்டாவதைப் பொடியெழுத்தில் கோட்டுக்கு வெளியே எழுதினார். நான் அந்தக் கோட்டின் மேலேயே, இரண்டு ஊரும் தொட, நீளமாகக் கையெழுத்துப் போட்டேன்.