பாயின் கம்பெனிக்கு ஒரு பேர் வேண்டும்

இன்று மதியம் ஆடிட்டர் ஆபீஸில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஊறுகாய் கம்பெனி நடத்தும் பாய் ஒருவர். கம்பெனியின் பேரை மாற்ற வந்திருந்தார்.

"எதுக்கு பாய்? முறைப்படி பதிஞ்சது நீங்க. பதிவுப்படி பேரு உங்களுக்குத்தான்" என்றார் ஆடிட்டர்.

"நத்தத்துல ஒரு அக்கா எனக்கு முந்தியே இதே பேர்ல ஊறுகாய் விக்கிறாங்க சார். நேத்துதான் தெரிஞ்சுச்சு. நான் கேஸ் போட்டுருவேனோன்னு பயந்து கெடக்குறாங்க."

"லேபிள், பேங்க், ஜிஎஸ்டி அம்புட்டையும் மாத்தணுமே!"

"மாத்துவோம். பங்குதாரர் நானும் எம் வீட்டுக்காரியும்தான். தீர்மானத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு."

எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

அவர் யோசித்து வந்த நான்கு புதுப் பேர்களையும் ஆடிட்டர் தேடிப் பார்த்தார். நான்கையும் ஏற்கெனவே யாரோ பதிந்திருந்தார்கள்.

நல்ல பேராக ஒன்று சொல்லுங்கள். வேறு யாரும் வைத்திருக்காத பேராகப் பார்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மனுஷர் அதையும் விட்டுக்கொடுத்துவிடுவார்.