அபூதாஹிரின் மணிக்கூட்டு வார்

அபூதாஹிர் போன வருஷம் மவுத்தான பிறகு என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் அவருடைய மணிக்கூட்டைப் பற்றித்தான் விசாரித்தார்கள். சுவிஸ் மணிக்கூடாம், பழசாம், கொழும்பில் யாரோ வாங்க நிற்கிறாராம். மனிதன் எப்படிப் போனான் என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அது விலைக்கு இல்லை, அவர் மனைவி ஸல்ஹா அதைப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டா என்று சொல்லி அனுப்பினேன். போகிறவர்களின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. மணிக்கூட்டின் பெறுமதி தெரிந்தவர்களுக்கு அதன் வாரின் பெறுமதி தெரியாது. எனக்குத் தெரியும்.

என் தேத்தண்ணிக்கடை திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. வலப்பக்கம் அபூதாஹிரின் டயர் ஒட்டும் கடை. இடப்பக்கம் ஆனந்தராசாவின் தோல் கடை. செருப்பு, இடுப்புப் பட்டி, மாட்டு வண்டிக்கு வார், என்ன கேட்டாலும் தைத்துக் கொடுப்பார். நடுவில் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பெயர். அப்படிப்பட்ட என் வாயை ஆனந்தராசா பத்து வருஷத்துக்கு மேல் கட்டிவைத்தார். அந்தக் கதைதான் இது.

அபூதாஹிருக்குச் சொந்த ஊர் கிண்ணியா. வெள்ளைக்காரர் இருந்த காலத்தில் சீனக்குடா விமானத்தளத்தில் வேலை. விமானம் வந்து நின்றதும் ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும், புறப்படும்போது எடுக்கவேண்டும். ஒரு விமானி, கட்டையை எடுத்ததும் மேலே இருந்து இவருக்குக் கை காட்டுவானாம். இவரும் காட்டுவாராம். அவ்வளவுதான் சிநேகம், ஒருநாளும் இருந்து கதைத்ததில்லை. ஐம்பத்தேழில் தளத்தை ஒப்படைத்துவிட்டு அவர்கள் போனபோது, அந்த விமானி கடைசித் தடவை கை காட்டாமல் இறங்கி வந்து, தன் கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி இவர் கையில் கட்டிவிட்டான். ஏன் தந்தான் என்று அபூதாஹிர் சாகும்வரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தார்.

கறுப்பு முகம், பச்சையாக ஒளிரும் இலக்கங்கள், உள்ளே இரண்டு சின்ன வட்டங்கள், பக்கத்தில் இரண்டு பொத்தான்கள். நடுவிலிருக்கும் நீளமான செக்கன் முள் எந்நேரமும் பன்னிரண்டில் சும்மா நிற்கும். பொத்தானை அமத்தினால்தான் ஓடும், மறுபடி அமத்தினால் நிற்கும். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும், “என்ன நானா, மணிக்கூடு செத்துப்போச்சா?” என்று கேட்பார்கள். அபூதாஹிர் பெருமையோடு பொத்தானை அமத்திக் காட்டுவார். பறக்கிறவன் தூரத்தை அளக்க வைத்திருந்த முள்ளை, இவர் டயருக்கு ஒட்டுப் போட்டால் எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்க்க வைத்திருந்தார்.

ஊரில் அந்த மணிக்கூட்டுக்கு வேறு மரியாதை இருந்தது. அவர்கள் பள்ளிவாசல் சுவர் மணிக்கூடு உப்புக்காற்றில் நினைத்த நேரம் ஓடும், நினைத்த நேரம் நிற்கும். அதனால் நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கும் நேரத்தை நகரா என்ற பெரிய முரசை அடித்து ஊருக்கு அறிவிக்கிற மோதினார் ஜவாஹிர், அபூதாஹிரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். இடக்கையால் அபூதாஹிரின் மணிக்கட்டை வாரோடு சேர்த்துப் பிடித்தபடி, வலக்கையில் தடியோடு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். சரியான நேரத்தில் தடி விழும். அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாரும் பேரீச்சம்பழத்தில் கை வைப்பார்கள். அபூதாஹிர் மணிக்கூட்டைச் சரிபார்ப்பது என் கடை ரேடியோவில். ஆகவே கிண்ணியாவில் பாதிச் சனம் நோன்பு திறப்பது என் ரேடியோவில்தான் என்று நான் பீற்றிக்கொள்வதுண்டு.

அவர் எங்கள் தெருவில் கடை போட்ட புதிதில் ஒருநாள் மூன்றுபேரும் என் கடை வாங்குப் பலகையில் இருந்தோம். ஆனந்தராசா அபூதாஹிரின் கையைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு வாரைத் தடவினார். சட்டென்று கையை விட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். பின்னேரம் என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டு, ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று கோணேசர் சாமி மேல் ஆணை வாங்கிக்கொண்டு சொன்னார். அந்த வார் பன்றித்தோல். வெள்ளைக்கார அதிகாரிகளின் கையுறையும் பணப்பையும் எத்தனையோ தைத்தவர் அவர். பன்றித்தோலில் மயிர்க்கண்கள் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும், பார்த்தவனுக்கு மறக்காது என்றார்.

ஒரு முஸ்லிம் மனிதன், ஐந்து நேரமும் தொழுகிறவன், பன்றியைக் கையில் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய் வருகிறான். அவர்கள் முறையில் ஈரம் பட்டால்தான் அசுத்தம் ஒட்டும், வேர்வை படாமலிருந்தால் வேறு கதை. திருகோணமலை வெயிலில் யாருடைய கை காய்ந்திருக்கிறது? இப்போதே சொல்லிவிடு என்று நான் ஆனந்தராசாவோடு சண்டை பிடித்தேன். அவர் ஒரே பிடியாக நின்றார். சொன்னால் அந்த மனிதன் உடைந்துபோவான், பள்ளியில் தலை நிமிரமாட்டான், வாரை மட்டும் மெதுவாக மாற்றிவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்றார்.

மெதுவாக மாற்றுவதா? நல்ல ஆளைப் பிடித்தார். வார் பழசாகிவிட்டது நானா, கழற்றித் தாருங்கள், புதிதாக ஒன்று தைத்துத் தருகிறேன் என்று ஆனந்தராசா கேட்டார். அபூதாஹிர் சிரித்துக்கொண்டு மறுத்தார். அந்த மனிதன் தன் கையாலே கட்டிவிட்ட வார், மணிக்கூட்டோடேயே இருக்கட்டும் என்றார். ஆனந்தராசா விடவில்லை. ஒருமாதம் தையல் விட்டுப்போகும் என்பார். இன்னொருமாதம் பாதையில் ஏறும்போது அறுந்து மணிக்கூடு தண்ணீருக்குள் விழும் என்பார். பாதை என்றால் கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை. நோன்பு நெருங்கிவிட்டால் ஆனந்தராசாவின் கரைச்சல் தாங்க ஏலாது. கடைசியில் அபூதாஹிருக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்கட யாவாரத்த வேற ஆளிட்டப் பாருங்க தம்பி” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வந்தால் இடப்பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். ஆனந்தராசா பேராசைக்காரன் என்று தெருவெல்லாம் கதை. அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆணை, என்ன செய்வது? தேத்தண்ணிச் சாயம் என்னையறியாமல் கடுப்பாகிவிட்ட நாட்கள் அவை.

வருஷங்கள் ஓடின. உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் இப்பி என்ற வெள்ளைக்கார நாடோடிகள் வந்து குவிந்த காலத்தில், தலைமயிர் தோளில் புரள ஒரு வெள்ளைக்காரப் பொடியன் தன் வான் வண்டியின் டயர் வெடித்து அபூதாஹிரின் கடைக்கு வந்தான். ஒட்டு காயும்வரைக்கும் மணிக்கூட்டைப் பார்த்து வாயைப் பிளந்தான். விமானிகளின் மணிக்கூடு, விற்பீர்களா என்று கேட்டான். விற்கமாட்டேன் என்றதும், நல்லது, வார்கூட அந்தக் காலத்து வார்தான், அருமையான இங்கிலீசுப் பன்றித்தோல் என்று பாராட்டினான். அவன் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. ஆனால் விமானத்தளத்தில் அபூதாஹிர் முதல்முதல் படித்த இங்கிலீசுச் சொல்லே அதுதான். சாப்பாட்டுத் தட்டை வேண்டாம் என்று தள்ளுவதற்காகப் படித்த சொல்.

அவர் டயரைப் பூட்டி, காற்று அடித்து, வானை அனுப்பினார். பிறகு டயர் வெட்டும் கத்தியை எடுத்து வாரை இரண்டு பக்கமும் அறுத்தார். என் கடை வாசலுக்கு வந்தபோது அவருடைய முகத்தில் இரத்தமே இல்லை.

“முதலாளி, ஒரு வாளி தண்ணியும் கொஞ்சம் நல்ல மண்ணும் தாங்க.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காததை அவர் கவனிக்கும் நிலையிலும் இல்லை. அவர்களுடைய முறைப்படி பன்றி பட்ட இடத்தை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். கிணற்றடியில் நான் ஊற்ற ஊற்ற அவர் தேய்த்தார். ஏழு முடிந்த பிறகும் தேய்த்தார். தோல் கன்றிச் சிவந்துவிட்டது. போதும் நானா என்று வாளியை அப்பால் வைத்தேன்.

ஈரத்துணியால் மணிக்கூட்டையும் துடைத்து எடுத்துக்கொண்டு, பல வருஷங்களுக்குப் பிறகு அவர் இடப்பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன். ஆனந்தராசா ஒரு செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வார் போடணும்” என்றார் அபூதாஹிர்.

ஆனந்தராசா வெறும் மணிக்கூட்டைப் பார்த்தார். சிவந்த கையைப் பார்த்தார். மேசை லாச்சியை இழுத்து, அடியில் துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து வைத்தார். கடும் மண்ணிற வார். ஓரங்களில் இரட்டைத் தையல். மணிக்கூட்டில் வார் கொளுவும் காதுக்கு ஒரு நூல்கூடக் கூடாமல் குறையாமல் அகலம். விமானியின் தடித்த கைக்குச் செய்த வாரில் அபூதாஹிர் தானே ஊசியால் குத்திய துவாரத்தில்தான் இத்தனை காலமும் கொளுவிவந்தார். இதில் துவாரம் அவருடைய மெலிந்த கைக்கென்றே இருந்தது. பூட்டிப் பார்த்தால் அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. அப்படி ஒன்று இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

“இத எப்ப தைச்சீங்க?”

“நீங்கள் இஞ்சை கடை போட்ட வருஷம்.”

அபூதாஹிர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“ஆட்டுத்தோல் நானா. கிண்ணியா இறைச்சிக்கடையில உங்கட ஆக்கள் அறுத்தது. நான் போய் நிண்டு வாங்கினனான். காய்ஞ்சு வெடிச்சுப்போகாம ஒவ்வொரு நோன்புக்கும் எண்ணெய் பூசி வைச்சனான்.”

“அப்ப நீங்க மாத்துங்க மாத்துங்க எண்டு...”

“எந்த வாயால நானா உங்களுக்குச் சொல்லுறது? சொல்லாம இருக்கவும் ஏலாமப் போச்சு.”

அபூதாஹிர் அழுதார். எங்கள் தெருவில் எல்லாரும் பார்க்க அழுதார். ஆனந்தராசாவும் செருப்பை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். இத்தனை வருஷமும் அடக்கிவைத்த என் வாய்க்கு அன்றைக்கு அவிழ்த்துவிட்டும் ஒரு சொல் கிடைக்கவில்லை.

அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். வார் மாறிவிட்டது, எங்கள் மூன்றுபேரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அபூதாஹிர் நித்திரை கொள்ளவில்லை. நோன்பு அடுத்த மாதம். ஒருநாள் தேத்தண்ணியைத் தொடாமல் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

“என்ட கை என்ட பாடு முதலாளி. மோதினார்ர கை?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷா வருஷம் அந்த வாரை வேர்வையோடு பிடித்த கை மோதினார் ஜவாஹிருடையது. அதே கையோடு மனிதன் பள்ளியில் நின்று தொழுதிருக்கிறார். சொல்லாவிட்டால் அவர் கழுவமாட்டார். சொன்னால் அபூதாஹிரின் பெயர் போய்விடும். பன்றி வாரில் ஊருக்கு நோன்பு திறந்தவன் என்று பிள்ளைகளின் காலம்வரைக்கும் சொல்வார்கள். சொல்லவேண்டாம் என்று நான் கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு போய்ச் சொல்லிவிட்டார்.

ஜவாஹிர் கேட்டுக்கொண்டிருந்தாராம். தன் இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டாராம். மறுநாளும் பேசவில்லை, அடுத்த நாளும் இல்லை. பள்ளியில் கண்டும் காணாதவர்போல் போனார். அபூதாஹிர் கடைக்கு வந்து டயர்களுக்கு நடுவில் சும்மா இருந்தார். இந்த முறை நோன்புக்கு மோதினார் தன் கையைப் பிடிக்கமாட்டார், பள்ளிப் பக்கம் இனிப் போக ஏலாது என்று முடிவு கட்டிவிட்டார். அப்படி நடந்தால் தெருவே கேட்குமாறு மோதினாரை ஏசவேண்டும் என்று நான் வசனம்கூடத் தயார் பண்ணிவைத்திருந்தேன்.

நோன்பு தொடங்க ஒரு கிழமை இருக்கையில், ஒருநாள் காலை பஸ்ஸிலிருந்து ஒரு முதியவர் இறங்கினார். ஒரு பெரிய நகராவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தெருவில் தள்ளாடி வந்தார். அபூதாஹிர் எழும்பி நின்றதைப் பார்த்துத்தான் அது ஜவாஹிர் என்று எனக்குத் தெரிந்தது. ஏசுவதற்கு வைத்திருந்த வசனமெல்லாம் மறந்துபோயிற்று.

அவர் நேரே அபூதாஹிரிடம் போனார். “நான் கழுவிட்டன். மார்க்கம் படிச்ச ஒருத்தரிட்ட பேர் சொல்லாமக் கேட்டும் வந்திட்டன். மணிக்கூடு ஒருநாளும் நேரம் பிழைக்கல்ல, நோன்புக்கு ஒண்டுமில்ல. தொழுகையத்தான் நாம ரெண்டுபேரும் மெல்ல மெல்லத் திரும்பத் தொழுது மீட்டணும்” என்றார். பிறகு, வாரைத் தைத்த ஆள் எங்கே என்று கேட்டார்.

அபூதாஹிர் கையைக் காட்டினார். மூன்றுபேரும் ஆனந்தராசாவின் கடைக்குப் போனோம். நகராவின் தோல் நடுவில் கிழிந்திருந்தது. ஜவாஹிர் அதை மேசையில் வைத்து, நோன்புக்கு முதல் புதுத்தோல் போட்டுத் தரவேண்டும் என்றார்.

ஆனந்தராசா தடுமாறிப் போனார். ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா, எந்த ஊரில் அறுத்தது வேண்டும், வேண்டுமென்றால் நீங்களே வந்து பார்த்து வாங்கித் தாருங்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

ஜவாஹிர் தன் இடக்கையை நகராவின் மேல் வைத்தார்.

“நீங்க போடுங்க தம்பி. என்ன தோல் எண்டு நான் கேக்க மாட்டன்.”

ஆனந்தராசா நகராவைத் தன் பக்கம் இழுத்து, தலையைக் குனிந்துகொண்டு கிழிந்த தோலை அவிழ்க்கத் தொடங்கினார். நான் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.