எட்வின் சாருக்கு கேட் திறக்கவில்லை

எட்வின் சார் போய்விட்டார். விடியற்காலை, வேலூரில், ஆஸ்பத்திரியில்... ஹார்ட்.

எங்கள் காலேஜ் ஃபுட்பால் டீமை அத்தனை வருஷம் விரட்டிய பி.டி. மாஸ்டர். ஆபிரகாம் கிரவுண்டின் பேரை விற்றுக் கொடுத்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். முதலாவதை மட்டும் எழுத காலையிலிருந்து நிறைய பேர் இருக்கிறார்கள்.

"மாமனிதர்", "தந்தை போன்றவர்" என்று ஒரே போஸ்ட் மயம். அவரிடம் அறை வாங்காத ஒருத்தன் அதில் இல்லை.

எனக்கு ஞாபகம் வருவது அரக்கோணம்தான். ஆறு கோல் வாங்கித் தோற்றோம். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கடையில் எங்களை வரிசையாக உட்கார வைத்து, அவர் மட்டும் பரோட்டா சாப்பிட்டார்.

"யார் யார் இன்னா தப்பு பண்ணீங்கன்னு சொல்லுங்கடா. சொன்னவனுக்குத்தான் எல போடுவாங்க."

கோல்கீப்பர் சையத் ஆறு தப்பு சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. நாங்கள் இப்போதும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். சையத் ஒரு தடவை கூடச் சிரித்ததில்லை.

என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. மூன்றாம் நம்பர் ஜெர்ஸி, அதனால் "டேய் மூணு". டிகிரி முடித்துச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை ஆம்பூர் ஷூ கம்பெனியில் அட்மின் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான். மறக்கவில்லை. அதையும் நினைத்துக்கொண்டுதான் இன்றைக்குச் செய்ததைச் செய்தேன்.

பிறகு அதே கம்பெனி கிரவுண்டின் பேரை வாங்கியது.

ஆபிரகாம் வாத்தியார் தோல் பதனிடும் டேனரித் தொழிலாளிகளைக் கூட்டி வந்து, முள்ளு வெட்டி, சமன்படுத்திய இடம் அது. கேலரி இடிந்து கிடந்தது உண்மைதான். பேரைக் கொடுத்தால் கேலரி, லைட், புல்தரை எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று, கிரவுண்டு கமிட்டி செகரட்டரியாக எட்வின் சார்தான் பேசி முடித்தார். கையெழுத்துப் போடும் நாளில், மே மாத வெயிலில், கோட் போட்டு வந்தார்.

"பேருல இன்னாடா இருக்கு மூணு? பந்துக்குத் தெரியுமா பேரு?"

முதல் டோர்னமென்ட்டில் மைக் அவர் கையில். பழக்க தோஷம்... "ஆபிரகாம் கிரவுண்டுக்கு வருகை தந்திருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் எங்கள் மார்க்கெட்டிங் மேனேஜர். உடனே கம்பெனிப் பேரை மூன்று தடவை சொன்னார், பிரைவேட் லிமிடெட் வரைக்கும். கேலரி முழுக்க விசில். நானும் அடித்தேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கிரவுண்டில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே ஆடியவரோ வேலை செய்தவரோ இறந்தால், உடலை உள்ளே ஒரு ரவுண்டு கொண்டு வருவோம். சென்டரில் ஒரு நிமிஷம் நிறுத்தி, பக்கத்தில் ஒரு பந்தை வைத்து எடுப்போம். அவ்வளவுதான்.

அக்ரிமென்ட்டில் அதற்கும் ஒரு வரி வந்தது. கிரவுண்டுக்குள் துக்க நிகழ்ச்சி எதுவும் கூடாது. கம்பெனி அதைக் கேட்கவே இல்லை. போட்டோவில் பிணம் வந்தால் கம்பெனிக்கு நல்லா இருக்காது என்று சாரே யோசித்து எழுதிக் கொடுத்தார். டைப் அடித்தவன் நான்.

போன வருஷம் முனுசாமி அண்ணன் இறந்தார். கிரவுண்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டே கிழவரானவர். மேளத்தோடு கொண்டு வந்தார்கள். சார் அப்போது காலேஜிலிருந்து ரிட்டையர் ஆகியிருந்தார், ஆனாலும் கிரவுண்டு கமிட்டி செகரட்டரி அவர்தான். கேட்டில் நின்றார், கையில் அக்ரிமென்ட் ஜெராக்ஸ்.

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தாம்மா" என்றார் முனுசாமி அண்ணன் மனைவி ராணி அண்ணியிடம்.

இப்போது விடுவார், அப்புறம் விடுவார் என்று பாடையைத் தோள் மாற்றி மாற்றி நின்றோம். கடைசியில் ரோட்டிலேயே இறக்கி, பந்தை வைத்து எடுத்தோம். பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை விடவே இல்லை.

இன்று காலை சாரின் மகன் எனக்கு போன் செய்தான். பெங்களூரில் வேலை, நல்ல பையன்.

"அங்கிள், அப்பா கடைசியா கேட்டது கிரவுண்டுல ஒரு ரவுண்டு. வேற ஒண்ணும் கேக்கல."

கிரவுண்டு பர்மிஷன் எல்லாம் என் டேபிளுக்குத்தான் வரும். எம்.டி.க்கு ஒரு போன் போட்டிருந்தால் சரி என்றிருப்பார். நான் போடவில்லை.

"அக்ரிமென்ட்ல கூடாதுன்னு இருக்குப்பா."

"அத எழுதனதே அப்பாதானே அங்கிள்..."

"ஆமாப்பா. அதான்."

இருந்தும் ஆம்புலன்ஸைக் கொண்டு வந்தான். கேட்டுக்குள் நானே போய் நின்றேன். செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். பழைய பிளேயர்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். மகன் வண்டியில் ஏறிக்கொண்டான். நேராகக் கல்லறைக்குப் போய்விட்டார்கள்.

நல்லா இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மதியம் ராணி அண்ணிக்கு போன் போட்டுச் சொன்னேன். அழுவார், இல்லையென்றால் "செத்தவருகிட்ட இன்னாத்துக்கு தம்பி" என்று திட்டுவார் என்று நினைத்தேன்.



"எவ்ளோ நேரம் தம்பி நிக்க வெச்ச?"

"பத்து நிமிஷம் இருக்கும் அண்ணி."

"பத்து நிமிஷம்தானா? எங்கள ஒரு மணி நேரம் நிக்க வெச்சாரு."

போனை வைத்துவிட்டார்.

சரி சார்... போய்ச் சேருங்கள்.