நான் பூக்க விடாத செண்டுடுக்

பதினோரு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், ஒரு காட்டுச் செடியைப் பூக்க விடாமல் பார்த்துக்கொள்வது. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானே எடுத்துக்கொண்டேன். நன்றாகவும் செய்தேன். அதுதான் கேவலம்.

செடியின் பெயர் செண்டுடுக். மலேசியாவில், எங்கள் ஜொகூர் மாநிலத்தில் சாலையோரம், செம்மண் மேடு என்று எங்கு பார்த்தாலும் ஊதாப் பூவோடு நிற்கும். பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துப்போகும். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தை இயந்திரம் வைத்துத் தள்ளத் தொடங்கியபோது, அப்பா ஒரு கன்றை மண்ணோடு பெயர்த்து வந்து வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“புல்லு வெட்டுறவங்க இதையும் சேத்து வெட்டி வீசுறாங்க. நீங்க என்னடான்னா தூக்கிட்டு வரீங்க. நல்லா இருக்குலா!”

“நீ மட்டும் மீன் கழுவுன தண்ணிய இதுக்கு ஊத்திராத. இது கருவேப்பில இல்ல. சும்மா விட்டாலே வளரும்.”

அப்பாவுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டிவிடுவார். கொரோனா வந்து பாலத்தை அடைக்கப்போகிறார்கள் என்றதும், அங்கேயே தங்குகிறவர்களுக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டே வாரம்தான் என்று பேச்சு. ஒரு பையில் நாலு சட்டை, ஒரு போர்வை. அப்போது செடியில் மிளகு அளவுக்கு மொட்டுகள் வந்திருந்தன.

“மொட்டு விரியறதுக்குள்ள வந்துருவேன், பாப்பா.”

இரண்டு வாரம் நான்கானது. மொட்டு பருத்து, நுனியில் ஊதா எட்டிப் பார்த்தது. பூ விரிந்துவிட்டால் அப்பா சொன்னது பொய்யாகிவிடும். பொய்யான பிறகு அவர் எப்படி வருவார்? என் மூளைக்கு இது சந்தேகமே இல்லாத விஷயம். மறுநாள் அம்மா எழுவதற்குள் போய், எல்லா மொட்டுகளையும் நகத்தால் கிள்ளிச் சாக்கடையில் போட்டேன். அதன் பிறகு தினமும் அதே வேலை. கிள்ளக் கிள்ளச் செடி கிளைவிட்டுப் புதராகி, இன்னும் நிறைய மொட்டு வைத்தது. அதற்கு அத்தனை திமிர்.

சாயங்காலம் வீடியோ காலில் அப்பா கேட்கும் முதல் கேள்வி, “பூத்துச்சா?”

“இன்னும் இல்லப்பா.”

அவருக்குப் பின்னால் அறையில் இருந்தவர்களின் தலைகளும் திரைக்குள் நுழையும். “என்னம்மா, உன் செடி இன்னும் தூங்குதா?” என்பார் ஓர் அங்கிள். இன்னொருவர் ஃபோனைச் செடிக்குக் கிட்டே கொண்டுபோய்க் காட்டச் சொல்வார். பெரிய மனிதர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சலாக வரும்.

“எலையாத்தான் தள்ளுது, பூவக் காணோம்,” என்பார் அம்மா. “மீன் தண்ணி ஊத்துறேன்னேன், கேட்டாத்தானே?”

அப்பா வந்தது ஆறு மாதம் கழித்து, தனிமைப்படுத்தலும் முடிந்து. பாதியாக இளைத்திருந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் செடியருகே குந்தி, இலைகளை விலக்கினார். காய்ந்த காம்புகளும், அன்று காலை கிள்ளிய பச்சைக் காம்புகளும் விரலில் பட்டன.

“யாரு கிள்ளுனது?”

“நாந்தாம்பா,” என்றேன், மெடல் வாங்கப் போகிறவளைப் போல. “விரியறதுக்குள்ள வந்துட்டீங்கல்ல?”

அம்மா வாயைத் திறந்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஆமாலா. கரெக்டா வந்துட்டேன்,” என்றார். பிறகு குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார். பயண அழுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சில வருடம் கழித்துத்தான் அம்மா சொன்னார். அந்த அறையில் ஒன்பது பேர் இருந்தார்களாம். வெளியே இறங்க விடாத வாரங்களில் அவர்கள் பார்க்க முடிந்ததெல்லாம் எதிர்க் கட்டடத்தின் சுவர்தான். சாயங்காலமானால் எல்லோரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஃபோனைச் சுற்றி உட்கார்ந்தது, ஒரு பூவைப் பார்த்துவிடத்தான்.

அந்த மாதங்களில் தாமானுக்கு வெளியே செண்டுடுக் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடந்தது. ஒன்றைப் பறித்து வந்து திரைக்கு முன்னால் பிடித்திருக்கலாம். அப்பாவை வரவழைக்கிற மும்முரத்தில் இருந்த எனக்கு, அவர் அங்கே இருக்கிறார் என்பது மட்டும் புரியவில்லை.