மூன்று தரம் சொன்ன பிறகு மூன்று வீதமா?

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு நான் ஒரு ரூபாவால் ஜெயித்தேன்.

லொத்தர் இல்லை. கிரிக்கெட் பந்தயமும் இல்லை. ஏலம்! அதுவும் போனுக்குள் நடக்கிற ஆன்லைன் ஏலம்.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் தங்கை செல்வியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக... கண்டி மஹய்யாவையில் இருக்கிறாள். பதினொரு வருஷம் கார்மெண்ட்டில் தைத்தாள். அதை மூடியதும் வீட்டு முன்னறையில் ஒரு மெஷினைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் ஐந்து சதம் கைமாற்று வாங்க மாட்டாள். என்னிடம்கூட வாங்க மாட்டாள். குறிப்பாக என்னிடம்!

அவளுக்கு முதல் தடவையாக ஒரு பெரிய ஓடர் வந்திருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுப் போட்டிக்கு எண்பது டீ-ஷர்ட். நான்கு இல்லம், நான்கு நிறம். ஆனால் டீ-ஷர்ட் துணியின் ஓரம் பிரியாமல் வெட்டிச் சுற்றித் தைக்க ஓவர்லொக் மெஷின் வேண்டும். சாதாரண மெஷினில் முடியாது. பள்ளிக்கூட மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக்குள் மெஷின் வீட்டுக்கு வந்தால் ஓடர் அவளுக்கு, இல்லாவிட்டால் கொழும்புக்கு.

புது மெஷின் வாங்குகிற விலையா இப்போது? பழைய மெஷின் ஒன்று ஏலத்துக்கு வந்திருப்பதைப் போனில் கண்டுபிடித்தது நான்தான். இதை நான் ஏற்கனவே பல பேரிடம் பல தடவை சொல்லிவிட்டேன். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குண்டசாலையில் எங்கள் வீட்டில் என் பக்கத்துக் கதிரையில் செல்வி உட்கார்ந்திருந்தாள். சீட்டு எடுத்த காசு வங்கியில் சரியாக நாற்பத்தையாயிரம் இருந்தது.

“நாப்பத்தஞ்சுக்கு மேல ஒரு சதம் போகாதீங்கண்ணே.”

“சரி.”

“சரின்னு சொல்லிட்டு வீராப்புல ஏறிறாதீங்க.”

ஏறவில்லை. முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்திரண்டு என்று நிதானமாகத்தான் போனேன். முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது யாரோ ஒரு புண்ணியவான் நாற்பத்தையாயிரம் என்று போட்டுவிட்டான். எங்கள் கடைசி எண்ணை அவன் எடுத்துக்கொண்டான்! செல்வி எழுந்து குசினிப் பக்கம் போய்விட்டாள். அழுதாளா என்று நான் பார்க்கப் போகவில்லை.

அப்போதுதான் கை தானாக அடித்தது. நாற்பத்தையாயிரத்து ஒன்று.

கல்யாண வீட்டு மொய்க்கவரில் ஆயிரம் வைத்தால் நமக்கு மனசு ஆறுமா? ஒரு ரூபா தேடி எடுத்து ஆயிரத்து ஒன்றாக்கினால்தானே கவரை ஒட்டுவோம்? அந்தப் பழக்க தோஷம்தான். எதிரே இருந்த புண்ணியவான் யாரோ, அவனுக்கு இது தோன்றவில்லை. இரண்டு நிமிஷம் ஓடி முடிந்தது. ‘வாழ்த்துகள்’ என்று திரையில் காகிதப் பூ பறந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. செல்வி ஓடி வந்து போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அந்த ஒரு ரூபா ஒங்களுது. திருப்பிக் குடுத்துருவேன்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவளைப் பற்றி எனக்குத் தெரியும்.

இந்தச் சந்தோஷம் பத்து நிமிஷம் நீடித்தது.

பிறகு விற்கிறவரிடமிருந்து பில் வந்தது. மெஷின் 45,001. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘பேமண்ட் சார்ஜ் மூன்று வீதம் - 1,350.03’. மூன்று சதம்! ஆயிரத்து முந்நூற்றைம்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இந்தக் காலத்தில் மூன்று சதத்தை எந்தக் கடையில் கண்டீர்கள்?

போன் எடுத்தேன். கடுகண்ணாவையில் பழைய மெஷின் விற்கிற முதலாளி. தன்மையாகத்தான் பேசினார். “பேங்க் காட்ல கட்டுறீங்கல்ல சேர்... சைட்டுக்காரன் எங்கிட்ட மூணு வீதம் வெட்டுறான். நான் எங்க போவேன்? எல்லாரும் இப்பிடித்தான் போடுறாங்க.”

“அப்ப காசாவே கொண்டு வாறோம்.”

“அது முடியாது சேர். சைட்டுக்கு வெளிய காசு வாங்கினா என்னைய தூக்கிருவான்.”

ஆக, காட்டில்தான் கட்ட வேண்டும். காட்டில் கட்டுவதற்குத் தண்டமும் கட்ட வேண்டும். எப்படி இருக்கிறது கதை?

அன்று பின்னேரம் முழுக்க அந்தத் தளத்தின் விதிகளைப் படித்தேன். அரசாங்கக் கந்தோரில் முப்பது வருஷம் சுற்றறிக்கை படித்தவன் நான், சும்மா விடுவேனா? கண்டுபிடித்தேன். கட்டணம் விற்பவரைச் சேர்ந்தது, வாங்குபவர் மேல் போடக்கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. உடனே முறைப்பாடு அனுப்பினேன். உடனே பதிலும் வந்தது. ‘உங்கள் முறைப்பாடு எங்களுக்கு முக்கியமானது. ஏழு வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்வோம்.’

வியாழக்கிழமைக்கு எத்தனை வேலை நாள் இருந்தது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று.

செல்வி சொன்னாள்... “விட்ருங்கண்ணே. நமக்கில்ல.”

“நான் தாறேன்டி அந்த ஆயிரத்து முந்நூறை.”

அவ்வளவுதான்! “இன்னிக்கி அண்ணன் தருவாரு. நாளைக்கி நூல்கட்டைக்கு யாரு தருவா? என் கால்ல நிக்கத்தானே இந்த மெஷின கேட்டேன்? மொத நாளே கைய நீட்டவா?” என்று வெடித்தாள்.

யோசித்துப் பாருங்கள். பிளேன்டீ குடித்து முடித்ததும் கடைக்காரர் ‘கேஸ் சிலிண்டருக்கு மூன்று வீதம்’ என்று கேட்டால் விடுவோமா? பஸ் கொண்டக்டர் டயர் தேய்மானத்துக்குத் தனியாக நீட்டச் சொன்னால்? சண்டைதான்! ஆனால் போனில் பொடி எழுத்தில் வந்தால் மட்டும் பொத்திக்கொண்டு கட்டிவிடுகிறோம். மேலே இருக்கிறவன் தன் செலவைக் கீழே தள்ளுகிறான், அவன் அவனுக்குக் கீழே தள்ளுகிறான். கடைசியில் அது வந்து நிற்பது ஒரு டீ-ஷர்ட்டுக்கு ஓரம் அடித்துப் பிழைக்கப் பார்க்கிற பெண்ணின் தலையில்.

செவ்வாய்க்கிழமை செல்வியைக் கட்டாயப்படுத்திக் கடுகண்ணாவைக்கு பஸ் ஏற்றினேன். விதிகளை மூன்று பக்கம் பிரிண்ட் எடுத்து, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் அடித்து, ஃபைலில் போட்டுக் கையில் வைத்திருந்தேன். பிலிமத்தலாவை தாண்டும் வரைக்கும் எப்படிப் பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை.

முதலாளி எழுந்து வரவேற்றார். “வாங்க சேர், வாங்க தங்கச்சி.” டீ சொல்லி அனுப்பினார். பக்கத்து ஹார்ட்வெயார் கடை ஹனீபா நானாவும் பேச்சுத் துணைக்கு வந்து உட்கார்ந்தார். நான் ஃபைலைத் திறந்தேன்.

பேசினேன் ஐயா, அப்படிப் பேசினேன். ஒன்பதாம் விதி, அதன் இரண்டாம் பிரிவு... முதலாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், “நீங்க சொல்றது நியாயம்தான் சேர். ஆனா எல்லாரும் போடுறாங்களே” என்றார். நான் பேசத் தொடங்கிய இடத்திலேயே நின்றேன். டீயும் ஆறிப்போனது.

இதற்குள் செல்வி கதிரையை விட்டு எழுந்துவிட்டாள். மெஷினைச் சுற்றி வந்தாள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு ஃபோட்டோவுக்கு முன்னால் போய் நின்றாள். முதலாளி பொன்னாடையோடு, கையில் மைக்கோடு, கோயில் வாசலில். முன்னால் மேசையில் ஒரு பெரிய வாழைத்தாரும் மாம்பழத் தட்டும்.

“அண்ணே, கோயில் ஏலம் நீங்களா கூறுறீங்க?”

முதலாளியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! “பதினேழு வருஷமா நான்தான் தங்கச்சி. நான் கூறினா ஒரு மாம்பழம் இருபதாயிரம் போகும்.”

“சத்தம் ஏன்ட ஊடு வரைக்கும் கேக்குமே” என்றார் ஹனீபா நானா. “இவரு மைக்க புடிச்சா அன்டைக்கு யாருக்கும் பகல் தூக்கம் இல்ல.”

செல்வி திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“அங்க மூணாந்தரம் சொல்லி முடிச்ச பெறகு, மாம்பழத்த கையில வாங்க வாறவங்ககிட்ட, ‘மைக்செட் வாடகைக்கி மூணு வீதம் போட்டுக் குடுங்க’ன்னு கேப்பீங்களாண்ணே?”

முதலாளி டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

ஹனீபா நானாதான் முதலில் சிரித்தார். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். “மாட்டிட்டீங்க மொதலாளி! புள்ள கேட்டது சரிதானே? மூணு தரம் சொன்னா முடிஞ்சிதானே?”

“அது... அது சாமி காரியம்” என்று இழுத்தார் முதலாளி.

“இது என் வயித்துக் காரியம்ண்ணே. மூணு தரம் நீங்க சொல்லல, போன் சொல்லிச்சி. அதனால மாத்திரலாமா?”

முதலாளி ஃபோட்டோவைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். பதினேழு வருஷத்தில் மூன்றாம் தரத்துக்குப் பிறகு அவர் விலையை மாற்றியதே இல்லை. மாற்றினால் அடுத்த திருவிழாவுக்கு மைக் வேறு யார் கைக்கோ போய்விடும். அது அவருக்கு எந்தச் சைட்டையும்விடப் பெரிய விஷயம் என்பது முகத்திலேயே தெரிந்தது. என் மூன்று பக்க ஃபைலுக்கு அசையாத மனுஷன், மெதுவாக எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“நாப்பத்தஞ்சாயிரத்து ஒண்ணு... ஒரு தரம்!”

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“நாப்பத்தஞ்சாயிரத்து ஒண்ணு... ரெண்டு தரம்! நாப்பத்தஞ்சாயிரத்து ஒண்ணு... மூணு தரம்!”

ஹனீபா நானா கை தட்டினார். நானும் தட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

போனை எடுத்துப் பில்லில் அந்த மூன்று வீதத்தை அழித்தார். பிறகு பெரிய மனசோடு, “தங்கச்சிக்காக அந்த ஒரு ரூபாயையும் விட்டுர்றேன். நாப்பத்தஞ்சுன்னே போடுறேன்” என்றார்.

“வேணாம்ண்ணே” என்றாள் செல்வி. “மூணு தரம் சொன்னா சொன்னதுதான். கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்.”

முதலாளிக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு பெட்டி ஊசி சும்மா கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டாள். பில்லுக்கு நாற்பத்தையாயிரம் அவள் காட்டிலிருந்து போனது. மீதி ஒரு ரூபா, வீர வரலாறாக, என் பெயரில் தனியாகப் போனது. என் காட்டிலிருந்து ஒரே ஒரு ரூபா அனுப்பினேன் ஐயா! வங்கிக்காரன் சிரித்திருப்பான்.

மெஷினைக் கொண்டுவந்தது ஹனீபா நானாவின் சின்ன லொறி. கண்டிக்குச் சீமெந்து ஏற்றப் போகிற லொறிதான், முன் சீட்டில் எங்களுக்கும் இடம் கிடைத்தது. ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, “கூலி வேணாம் தங்கச்சி. மூணு வீதம் மட்டும் தாங்களேன்” என்றார். கடுகண்ணாவைப் பக்கம் அன்று கேட்ட சிரிப்பெல்லாம் எங்களுடையதுதான்.

புதன்கிழமை காலையில் மாஸ்டர் வந்து பார்த்துவிட்டுத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். முன்னறையில் இப்போது சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் நிறமாக டீ-ஷர்ட் குவிகிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். மெஷின் சத்தத்தில் நான் கூப்பிட்டதே அவளுக்குக் கேட்கவில்லை. எண்பதில் முப்பத்தாறு முடிந்திருந்தது. ஒன்றை எடுத்து ஓரத்தை இழுத்துப் பார்த்தேன். பிரியவில்லை. என் தங்கச்சி என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதுதான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஏழு வேலை நாள் இன்னும் முடியவில்லை. முறைப்பாட்டுக்குப் பதில் வந்தால் வாசித்துக் காட்டுகிறேன்.

கிளம்பும்போது செல்வி மெஷினை நிறுத்தினாள். மேசை லாச்சியைத் திறந்து ஒரு ரூபாக் குற்றி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டாள்.

வாங்கிக்கொண்டேன். சர்வீஸ் சார்ஜ் எதுவும் கேட்கவில்லை!